மலை கறுத்தால் அருவியை விட்டு விலகு!

குட்டீஸ்... சங்கரன்கோவிலில் மொட்டை மாடி ஏறி மேற்கே பார்த்திருக்கிறீர்களா? நீலச் சுவர் மாதிரி நீண்டு தெரியுமே, அதுதான் மேற்குத் தொடர்ச்சி மலை. நம்ம ஊரில் வெயில் மண்டையைப் பிளக்கும். அதே நேரத்தில் அந்த மலை உச்சியில் கறுகறுவென மேகம் கட்டி நிற்கும். 'அங்கே மழை பெய்தால் நமக்கென்ன?' என்று இருந்துவிடலாம். ஆனால், அந்த மலையின் அடிவாரத்தில் அருவிக்குத் தலையைக் கொடுத்தபடி நின்றுகொண்டிருந்தால்?

2024 மே 17. பழைய குற்றாலத்தில் பிற்பகல் நேரம். ஏராளமானவர்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று அருவியில் காட்டாற்று வெள்ளம் பாய்ந்தது. எல்லோரும் அலறியடித்து ஓடினார்கள். 17 வயது மாணவர் ஒருவரை வெள்ளம் இழுத்துச் சென்றது. அவரை உயிரோடு மீட்க முடியவில்லை. 2015 மே மாதம் சதுரகிரி மலையிலும் இப்படித்தான். சாமி கும்பிடப் போன பக்தர்கள் ஓடையில் வந்த திடீர் வெள்ளத்தில் சிக்கினார்கள், பலர் உயிரிழந்தார்கள்.

இரண்டுமே மே மாதம்! சீசனே தொடங்காத கோடையில் வெள்ளம் எப்படி வருகிறது?

மலை செய்யும் மாயம்

ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, கேரளப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு மலையைத் தாண்டுகிறது. செங்கோட்டைக்கு மேற்கே உள்ள ஆரியங்காவு கணவாய் வழியாகக் கொஞ்சம் ஈரக்காற்று நுழைவதால்தான் குற்றாலத்தில் சாரல். நம்ம ஊருக்கு வருவதற்குள் காற்றில் ஈரம் குறைந்துவிடும்.

கோடை மழை வேறு ரகம். காலையில் வெயிலில் சூடான காற்று, ஈரத்தையும் சுமந்துகொண்டு மலைச்சரிவில் ஏறும். மேலே போகப் போகக் குளிர்ந்து மேகமாகும். மதியத்துக்குள் மேகம் கோபுரம் மாதிரி வளர்ந்துவிடும். பிறகு, இடி மின்னலோடு ஒரே இடத்தில் மொத்தமாகக் கொட்டித் தீர்க்கும். அடிவாரத்தில் ஒரு சொட்டுக்கூட விழாமல் இருக்கலாம்!

ஒரு கணக்குப் போடுவோமா?

மலையில் ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 1 சென்டிமீட்டர் மழை பெய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது எவ்வளவு தண்ணீர் தெரியுமா? ஒரு கோடி லிட்டர்! 10 ஆயிரம் லிட்டர் பிடிக்கும் லாரிகள் ஆயிரம் வேண்டும். இதுவே 5 சென்டிமீட்டர் என்றால் ஐயாயிரம் லாரி!

சமவெளியில் இந்தத் தண்ணீரை மண் உறிஞ்சும். குளமும் கண்மாயும் தேக்கும். மலையில் அடியில் பாறை, சரிவும் செங்குத்து. பல ஓடைகள் ஒன்றாகக் கூடி, கல்லையும் மரத்தையும் உருட்டிக்கொண்டு சில நிமிடங்களில் கீழே வந்துவிடும். வேகமாக ஓடும் தண்ணீர் கணுக்கால் அளவுக்குக் கொஞ்சம் மேலே இருந்தாலே பெரியவர்களையும் தள்ளிவிடும்.

பனிமலை தரும் பாடம்

காஷ்மீரில் உள்ள குல்மார்க்கில், காலில் நீளமான சறுக்குப் பலகையைக் கட்டிக்கொண்டு பனியில் சறுக்கி விளையாடுவார்கள். அங்கே ஆபத்து பனிச்சரிவு. பழைய பனி மேல் புதுப் பனி அடுக்கடுக்காக விழும். நடுவில் ஓர் அடுக்கு பலவீனமாக இருந்தால், சறுக்கிப் போகிறவரின் எடையே போதும், மேலடுக்கு பாளமாகப் பெயர்ந்து பாய்ந்துவிடும். 2024 பிப்ரவரியில் அங்கே ரஷ்ய வீரர் ஒருவர் இப்படித்தான் இறந்தார்.

பனிச்சரிவு ஆபத்தை 1 முதல் 5 வரை எண் கொடுத்து முன்கூட்டியே அறிவிக்கிறார்கள். 5 என்றால் மிகப் பெரிய ஆபத்து. ஆனால், ஸ்விட்சர்லாந்தில் அதிகம் பேர் இறப்பது 3-ம் எண் நாட்களில்தான்! ஏன்? 5 என்றால் எல்லோரும் பயந்து வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். 3 என்றால், 'பரவாயில்லை, போகலாம்' என்று கிளம்பிவிடுவார்கள்.

அருவியிலும் இதே கதைதான். தண்ணீர் ஆர்ப்பரித்துக் கொட்டும்போது போலீசார் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். அமைதியாக விழும்போதுதான் நாம் அசந்துவிடுகிறோம். வானிலை ஆய்வு மையம் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை கொடுக்கும். 'மஞ்சள்தானே!' என்று நினைக்கக் கூடாது. கவனமாக இரு என்பதுதான் அதற்கு அர்த்தம்.

அருவிக்குப் போனால்...

* கிளம்பும் முன் குற்றாலத்துக்கு மட்டுமல்ல, மலைக்கும் மழை எச்சரிக்கை உண்டா என்று செய்தியில் பார்க்கச் சொல்லுங்கள்.

* தெளிந்த தண்ணீர் செம்மண் நிறமாக மாறினால், இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால், இரைச்சல் கூடினால்... உடனே வெளியே வந்துவிடுங்கள். மற்றவர்களையும் கத்திக் கூப்பிடுங்கள்.

* ஓடை போகும் திசையிலேயே ஓடாதீர்கள். தண்ணீர் உங்களை முந்திவிடும். பக்கவாட்டில் மேடான இடத்துக்கு ஏறுங்கள்.

* செருப்பு, துண்டு, செல்போன் எதற்காகவும் திரும்பிப் போகக் கூடாது.

* மின்னல் தெரிந்ததும் ஒன்று, இரண்டு என நொடிகளை எண்ணுங்கள். இடி கேட்டதும் நிறுத்தி, அதை 3-ஆல் வகுத்தால் மின்னல் எத்தனை கிலோமீட்டர் தூரத்தில் என்று தெரிந்துவிடும். ஆனால், இடிச் சத்தம் கேட்டாலே தண்ணீரில் நிற்கக் கூடாது. எண்ணுவதைக் கரையேறிக் கட்டிடத்துக்குள் வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்!

* போலீஸ் மாமா விசில் ஊதினால் 'இன்னும் அஞ்சு நிமிஷம்' என்று கெஞ்ச வேண்டாம். அந்த அஞ்சு நிமிஷத்தில்தான் வெள்ளம் வரும்.

அடுத்த முறை அப்பா, அம்மாவோடு குற்றாலம் போகும்போது, எண்ணெய் தேய்ப்பதற்கு முன் ஒருமுறை மலையை அண்ணாந்து பாருங்கள். கறுத்திருந்தால் நீங்களே சொல்லுங்கள்: "அப்பா, இன்னைக்கு வேண்டாம். அருவி நாளைக்கும் விழும்!"