‘ஃபைபர்’னு சொல்றாங்க... வீட்டுக்குள்ள வர்றது எந்த ஒயர்?

“நம்மது ஃபைபர்தான் சார், 100 எம்பிபிஎஸ்.” புது வீட்டுக்குக் குடிபோன வாரத்தில் லோக்கல் கேபிள்காரர் சொன்னது இது. ஆறு மாதத்துக்குச் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி என்றார். கட்டிவிட்டேன்.

ஸ்பீடில் குறை இல்லை. ஆனால், கரன்ட் போனால் நெட்டும் போகும். ரவுட்டருக்கு மினி யுபிஎஸ் வாங்கி மாட்டினேன், அப்பவும் போச்சு! ஒரு வீடியோ பேட்டி பாதியில் கட்டான அன்றைக்குத்தான் மொட்டைமாடி ஏறிப் பார்த்தேன். அங்கே ஒரு பெட்டி, உள்ளே ஸ்விட்ச். ஃபைபர் அதுவரைக்கும்தான் வருகிறது. அங்கிருந்து என் வீட்டுக்கு வருவது சாதாரண லேன் கேபிள். கட்டடத்தில் கரன்ட் போனால் ஸ்விட்ச் அணைந்துவிடும். என் யுபிஎஸ் பாவம், என்ன செய்யும்?

வீட்டுக்குள்ளேயே கண்ணாடி இழை வருவதுதான் எஃப்டிடிஎச். இதில் தெருவில் இருக்கும் ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரமே தேவையில்லை. அந்தப் பக்கம் கம்பெனியின் கருவிகளுக்கு பேக்கப் இருந்தால், இந்தப் பக்கம் உங்கள் மோடத்துக்கு ஒரு மினி யுபிஎஸ் போதும், கால் கட்டாகாது.

எது எதுன்னு கண்டுபிடிப்பது ஈஸி. மோடத்தில் செருகும் ஒயரின் முனை பச்சை அல்லது நீல நிறத்தில் சதுரமாக இருந்தால் பெரும்பாலும் ஃபைபர். கம்ப்யூட்டரில் ‘டிக்’கென்று மாட்டும் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் என்றால் லேன். டிவி ஒயர் மாதிரி தடிமனாக, திருகி மாட்டுவது கோ-ஆக்ஸியல் கேபிள். இதில் பல வீடுகள் ஒரே லைனைப் பகிர்வதால் ராத்திரி 9 மணிக்கு இழுக்கலாம், அப்லோடும் குறைவு. பழைய லேண்ட்லைன் ஒயரில் வரும் டிஎஸ்எல், எக்ஸ்சேஞ்ச் தூரமாக ஆக ஸ்பீடு குறையும். ஏடிஎஸ்எல் 2 பிளஸ்ஸே உச்சபட்சம் 24 எம்பிபிஎஸ்தான். தெருவில் ஃபைபர் இருந்தால் இதை யோசிக்கவே வேண்டாம்.

அடிக்கடி வீடு மாறுபவர்களுக்கு 5ஜி ஏர்ஃபைபர் நல்ல ஆப்ஷன். ஒயர் இழுக்க வேண்டாம், ஆனால் வெளியே ஆன்டெனா மாட்ட ஹவுஸ் ஓனர் சம்மதிக்கணும். அதே டவரை ஏரியாவில் உள்ள மொபைல்களும் பயன்படுத்தும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

விளம்பரத்தில் இருப்பது மெகா‘பிட்’. 8-ஆல் வகுத்தால்தான் மெகா‘பைட்’. 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 12.5 எம்பிதான் டவுன்லோட் ஆகும். சொல்லும் விலைக்கு மேல் 18% ஜிஎஸ்டி தனி. பணம் கொடுக்கும் முன் ‘அப்லோடு எவ்வளவு, எத்தனை ஜிபிக்குப் பிறகு ஸ்பீடு குறையும்?’ என்று கேளுங்கள். அதே லைன் வைத்திருக்கும் பக்கத்து வீட்டில் ராத்திரி ஒருமுறை ஸ்பீடு டெஸ்ட் பண்ணச் சொல்லுங்கள். முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள்.

எனக்கு இன்னும் நாலு மாதம் பாக்கி இருக்கு.