மெழுகுக்குள் ஒரு வாழ்த்து

கிறிஸ்துமஸ் நெருங்கினால் பரிசுக் கடைகளில் பூவும் எழுத்துமாக வரிசைகட்டும் மெழுகுவர்த்திகள் கண்ணைப் பறிக்கும். விலை கையைக் கடிக்கும். அலங்காரம் எதுவும் இல்லாத வெள்ளை மெழுகுவர்த்தி ஒன்றை வாங்கினால், அதே அழகை வீட்டிலேயே வரவழைக்கலாம். பரிசு பெறுபவரின் பெயரையும் அதில் சேர்க்கலாம் என்பது கூடுதல் மகிழ்ச்சி.

இது நேற்று முளைத்த வழக்கம் அல்ல. கத்தோலிக்க ஆலயங்களில் ஈஸ்டருக்கு முந்தைய இரவில் ஏற்றப்படும் பாஸ்கா திரி எனும் மெழுகுவர்த்தியில் சிலுவையும், ஆல்ஃபா, ஒமேகா எழுத்துகளும், அந்த ஆண்டின் நான்கு இலக்கங்களும் பொறிக்கப்படும். ஐந்து சாம்பிராணி மணிகளையும் பதிப்பார்கள். ஜெர்மனியில் ஞானஸ்நானத்துக்கும் திருமணத்துக்கும் பெயர், தேதியுடன் மெழுகுவர்த்தி செய்வது குடும்ப வழக்கம். மெல்லிய வண்ண மெழுகுத் தகடுகளை வேண்டிய வடிவில் வெட்டி, விரல் சூட்டிலேயே அழுத்தி ஒட்டிவிடுவார்கள்.

அந்தத் தகடு கிடைக்காதவர்களுக்கு டிஷ்யூ பேப்பர் போதும். படம் அச்சிட்ட டிஷ்யூவின் அடுக்குகளைப் பிரித்து, படமுள்ள மேல் அடுக்கை மட்டும் எடுக்க வேண்டும். படமில்லாத டிஷ்யூ அடுக்கில் மார்க்கரால் வாழ்த்து எழுதியும் பயன்படுத்தலாம். ஓரத்தைக் கத்தரித்து மெழுகுவர்த்தி மேல் வைத்து, அதன் மேல் பட்டர் பேப்பரை இறுக்கமாகச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, ஹேர் டிரையரால் சூடான காற்றைக் காட்ட வேண்டும்.

முதலில் எதுவுமே நடக்காததுபோல் இருக்கும். பிறகு டிஷ்யூ ஈரம் பட்டதுபோல் மினுங்கத் தொடங்கும். அதுதான் பதம். ஆறியதும் பட்டர் பேப்பரை உரித்தால், தாள் இருந்த சுவடே தெரியாமல் எழுத்து மட்டும் மெழுகில் நிற்கும். உருகிய மெழுகு தாளின் இழைகளுக்கு இடையிலுள்ள காற்றிடங்களை நிரப்பிவிடுவதால், தாள் ஒளி ஊடுருவும் தன்மையைப் பெற்றுவிடுகிறது.

பூ வேண்டுமா? புத்தகத்துக்குள் வைத்துக் காயவைத்த காகிதப்பூ இதழ்கள் இதற்கு அருமையாகப் பொருந்தும். வெந்நீரில் சூடாக்கித் துடைத்த ஸ்பூனின் பின்பக்கத்தால் இதழை மெல்ல அழுத்தினால், மெழுகு இளகி இதழைப் பிடித்துக்கொள்ளும்.

அழகைவிடப் பாதுகாப்பு முக்கியம். காகிதமும் காய்ந்த பூவும் தீப்பிடிக்கக் கூடியவை. ஒல்லியான மெழுகுவர்த்தியில் சுடர் ஓரத்துக்கு மிக அருகில் இருக்கும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும். மூன்று அங்குலமோ அதற்கு மேலோ அகலமுள்ள மெழுகுவர்த்தியில் பெரும்பாலும் நடுப்பகுதி குழிந்து எரியும். அலங்காரம் உள்ள வெளிச்சுவர் நிற்கும். அழகுக்குச் சுற்றிய சணல் கயிறு, ரிப்பன், பட்டைக் குச்சி ஆகியவற்றை ஏற்றும் முன் அவசியம் கழற்றிவிட வேண்டும்.

இந்த விவரங்களைச் சிறு அட்டையில் எழுதிப் பரிசோடு இணைப்பது நல்லது: திரியை ஆறு மில்லிமீட்டருக்கு வெட்டிவிட்டு, தட்டின் மேல் வைத்து ஏற்றவும், ஆள் இல்லாத அறையில் எரியவிட வேண்டாம், நடுவில் ஆழமாகக் குழி விழுந்ததும் அதற்குள் டீ லைட் எனும் சிறு மெழுகுவர்த்தியை வைத்து ஏற்றவும். அந்த டீ லைட்டுகள் நான்கைந்தையும் சேர்த்தே பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடலாம்.