மாத்திரை போட்டும் ஃபெரிட்டின் ஏறலையா? கசிவு எங்கேன்னு பாருங்க!

ஈசிஆரில் புதுச்சேரி போகும்போது மரக்காணம் உப்பளங்களைப் பார்த்திருப்பீர்கள். இரும்புச்சத்துக் குறைபாட்டுக்கு எதிராக அரசு கையில் எடுத்திருக்கும் வழிகளில் உப்பும் ஒன்று. அயோடினோடு இரும்பும் சேர்த்த உப்பை தமிழ்நாடு உப்பு நிறுவனம் தயாரிக்கிறது. சத்துணவிலும் அது சேர்கிறது. ஆனாலும், 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15-49 வயதுப் பெண்களில் 53.4% பேருக்கு ரத்தசோகை. முந்தைய ஆய்வில் 55%. பெரிதாக ஒன்றும் குறையவில்லை.

ரத்தசோகைக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால், மாதக்கணக்கில் மாத்திரை போட்டும், நிறுத்தியதும் மறுபடி இரும்பு இறங்குகிறதா? அப்போ கேள்வியே வேற. பாத்தியில் தண்ணீர் நிற்கவில்லை என்றால், வரப்பு எங்கே உடைந்திருக்கிறது என்றுதானே முதலில் பார்ப்பார்கள்?

ஹீமோகுளோபின் கைச்செலவுக் காசு என்றால் ஃபெரிட்டின் சேமிப்பு. முதலில் கரைவது சேமிப்புதான். அதனால் ஹீமோகுளோபின் 12.5 இருந்தும் சோர்வும் முடி உதிர்வும் வரலாம். பெரியவர்களுக்கு லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே போனால் குறைபாடு என்கிறது உலக சுகாதார நிறுவனம். 30-க்குக் கீழேயே பல மருத்துவர்கள் சந்தேகப்படுவார்கள். உடம்பில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து நிற்கும். அதனால்தான் கூடவே சிஆர்பி டெஸ்ட்டும் எழுதுகிறார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்க

ஒரு மில்லி ரத்தத்தில் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு. சாப்பாட்டிலிருந்து உடம்பு ஒரு நாளைக்கு உறிஞ்சுவதே 1-2 மில்லிகிராம்தான். மாதவிடாயில் 80 மில்லி ரத்தம் போனால் 40 மில்லிகிராம் காலி. ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின், கட்டி கட்டியாகப் போவது, ஏழு நாளுக்கு மேல் நீடிப்பது – இதெல்லாம் 'எனக்கு எப்பவும் இப்படித்தான்' என்று விட வேண்டிய விஷயம் இல்லை. கர்ப்பப்பை நார்க்கட்டி, தைராய்டு, ரத்தம் உறைவதில் பிறவிக் கோளாறு என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். அடிக்கடி ரத்த தானம் செய்பவரா? 350 மில்லி ஒருமுறை கொடுத்தால் 175 மில்லிகிராம் அளவுக்கு இரும்பு போகும். டாக்டரிடம் இதைச் சொல்ல மறந்துவிடுகிறோம்.

ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் மாதாமாதம் ரத்தம் போக வழியில்லை. அவர்களுக்கு இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை வந்தால் 'முருங்கைக்கீரை சாப்பிடுங்க' என்று முடித்துவிடக் கூடாது. குடலில் எங்காவது கசிகிறதா என்று எண்டோஸ்கோபி, கொலோனோஸ்கோபி வரை போக வேண்டியிருக்கும். அல்சர், மூலம், சில நேரம் புற்றுநோய்கூட இப்படித்தான் முதலில் தலைகாட்டும். நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்து உழைப்பவர்கள் உடம்பு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கிப் போடும் மாத்திரையும் வயிற்றைப் புண்ணாக்கி ரத்தம் கசியவைக்கும். வெறுங்காலில் மண்ணில் நடப்பவர்களுக்குக் கொக்கிப்புழு இருக்கலாம். குடல் சுவரில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் புழு அது.

கசிவே இல்லையா? அப்போ உறிஞ்சுவதில் சிக்கல் இருக்கலாம். கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய், எச்.பைலோரி கிருமி, வருஷக்கணக்கில் போடும் அசிடிட்டி மாத்திரை... சாப்பிட்ட கையோடு குடிக்கிற டீயும் இந்தப் பட்டியலில் உண்டு.

இன்னொன்று. இரும்பு மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகத்தான் போகும், பயப்பட வேண்டாம். ஆனால் தார் மாதிரி பிசுபிசுவென்று, கடும் நாற்றத்துடன் போனாலோ, மாத்திரையே போடாதபோது கறுத்தாலோ, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.