போயிடுச்சா, இல்லையா?

டீக்கடையில் ஸ்கேன் செய்து, பின் நம்பரும் போட்டாயிற்று. போன் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கல்லா மேல் இருக்கும் சவுண்ட் பாக்ஸ் வாயைத் திறக்கவில்லை. “காசு போயிடுச்சுண்ணே.” “எனக்கு இன்னும் வரலியே தம்பி.” இந்த இடத்தில் எல்லோர் மனதிலும் ஓடுவது ஒரே கேள்விதான்: பணம் போயிற்றா, இல்லையா? சில வருடம் சர்வர்களோடு மல்லுக்கட்டிய ஐ.டி.க்காரருக்கு அதற்கு முன்பே இன்னொரு கேள்வி வந்துவிடும்: அது இந்த நொடியில் யாருக்காவது தெரியுமா?

பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. இதை நம்புவதற்குத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது. கம்ப்யூட்டர் என்றால் ஆம், இல்லை என்ற இரண்டே பதில் என்று படித்துவிட்டு வேலைக்கு வருகிறோம். நள்ளிரவில் அலாரம் அடித்து எழுப்பிவிடும் கோளாறுகளில் பாதிக்கு மேல் மூன்றாவது பதிலைச் சேர்ந்தவை: பதிலே இல்லை. ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றிடம் ஒரு வேலையைச் சொல்கிறது; மறுபக்கம் மௌனம். சொன்னது வழியிலேயே தொலைந்திருக்கலாம். வேலை முடிந்து, முடிந்தது என்ற செய்தி திரும்பும் வழியில் தொலைந்திருக்கலாம். இரண்டும் இல்லாமல், வரிசையில் இன்னும் காத்துக்கொண்டிருக்கலாம். கேட்டவரின் பக்கம் நின்று பார்த்தால் மூன்றுக்கும் ஒரே முகம்.

2016-ல் தொடங்கிய யு.பி.ஐ.யில் இந்த மௌனம் விழ எத்தனை இடங்கள் இருக்கின்றன என்று பாருங்கள். எந்த ஆப்பைத் திறந்தாலும் பின் நம்பர் கேட்கும் பக்கம் மட்டும் ஒரே ஜாடையில் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்தப் பக்கம் ஆப்காரர்களுடையது அல்ல. தேசியக் கொடுப்பனவுக் கழகமான என்.பி.சி.ஐ. தரும் மென்பொருள். நம்பர் அங்கேயே பூட்டப்பட்டு, ஆப்பின் வங்கி வழியாக என்.பி.சி.ஐ.க்குப் போகிறது. அங்கிருந்து உங்கள் வங்கிக்கு “கழி” என்று உத்தரவு. கழித்தாயிற்று என்று பதில் வந்தபின் கடைக்காரரின் வங்கிக்கு “சேர்” என்று உத்தரவு. அங்கிருந்தும் பதில் வந்தபின்தான் உங்கள் திரையில் பச்சை டிக். கழித்ததற்கும் சேர்த்ததற்கும் நடுவே ஒரு செய்தி தொலைந்தால், பணம் உங்களிடமும் இல்லை, அவரிடமும் தெரியவில்லை.

“இன்னும் நல்ல நெட்வொர்க் போட்டால் சரியாகிவிடாதா?” என்று கேட்கலாம். தொலைவதைக் குறைக்கலாம், சந்தேகத்தை ஒழிக்க முடியாது. இதற்கு நிரூபணமே உண்டு. இரண்டு மலைகளில் இரண்டு தளபதிகள், நடுப் பள்ளத்தாக்கில் எதிரி. இருவரும் ஒரே நேரத்தில் பாய்ந்தால் வெற்றி; தனியாகப் பாய்ந்தவன் ஒழிந்தான். தூதன் பள்ளத்தாக்கைக் கடந்துதான் போகவேண்டும், வழியில் பிடிபடலாம். “விடியலில் தாக்குவோம்” என்று முதலாமவர் சொல்லி அனுப்புகிறார். “சரி” என்று பதில் வந்தால்தான் அவருக்கு நிம்மதி. அந்தச் “சரி” போய்ச் சேர்ந்ததா என்று இரண்டாமவருக்குத் தெரியவேண்டுமே? அதற்கொரு தூதன், அவன் போய்ச் சேர்ந்தான் என்று சொல்ல இன்னொருவன். எத்தனை தூதர்களை அனுப்பினாலும் கடைசியாகப் போனவனைப் பற்றிய சந்தேகம் நின்றுகொண்டே இருக்கும். 1975-ல் அக்கோயுன்லு, ஏகநாதம், ஹூபர் என்ற மூவர் இதை ஓர் ஆய்வுக்கட்டுரையில் எழுதினார்கள். அவர்கள் கதையில் வந்தவர்கள் தாதாக்கள். 1978-ல் ஜிம் கிரே என்ற அமெரிக்க ஆய்வாளர்தான் அவர்களைத் தளபதிகளாக்கினார்.

கிரேயை இங்கே கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம். ஒரு கணக்கில் கழித்து இன்னொரு கணக்கில் சேர்ப்பது பாதியில் நின்றுவிடக் கூடாது என்பதற்கான இலக்கணத்தை வகுத்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1998-ன் டியூரிங் விருது அதற்காகத்தான். 2007 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து தனியாகப் பாய்மரப் படகில் கடலுக்குள் போனவர் திரும்பவில்லை. உதவி கேட்டு ஒரு செய்திகூட வரவில்லை. நண்பர்களும் முன்பின் தெரியாதவர்களுமாக ஆயிரக்கணக்கானோர் செயற்கைக்கோள் படங்களைச் சல்லடை போட்டுத் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை.

தீராத சந்தேகத்தை வைத்துக்கொண்டே காரியம் நடப்பது எப்படி? முதல் உபாயம், திரும்பச் சொன்னாலும் கெடுதல் இல்லாதபடி வேலையை அமைப்பது. லிப்ட் பட்டனைப் பத்து தடவை அழுத்தினாலும் பத்து லிப்ட் வருவதில்லை. பணம் அனுப்புவது இயல்பில் அப்படிப்பட்டதல்ல. இரண்டு முறை சொன்னால் இரண்டு முறை போகும். ஆகவே ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் தனி எண் ஒன்றைக் கட்டிவிடுகிறார்கள். அதே எண்ணோடு அதே உத்தரவு மறுபடி வந்தால், “இதை முன்பே செய்தாயிற்று” என்று வங்கி பழைய பதிலையே திருப்பிச் சொல்லலாம். உங்கள் ரசீதில் இருக்கும் 12 இலக்க எண் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. “பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்யாதீர்கள்” என்று கெஞ்சும் இணையதளத்தைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம்தான். இந்த உபாயத்தை அவர்கள் சரியாகச் செய்யவில்லையோ என்று தோன்றும்.

இரண்டாவது, எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று முடிவு கட்டுவது. திரையில் சுற்றும் வட்டம் எதையும் அளக்கவில்லை. வேலை நடந்தாலும் சுற்றும், செத்துக் கிடந்தாலும் சுற்றும். டைம்அவுட் என்பது யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்து எழுதிய எண். சிறிதாக வைத்தால் முடியப்போகிற வேலையைக் கைவிடுவோம். பெரிதாக வைத்தால் டீ ஆறிவிடும். நேரம் தீர்ந்தும் கடைக்காரரின் வங்கி பதில் தராவிட்டால், பணம் சேர்ந்ததாகவே வைத்துக்கொண்டு பிறகு கணக்குப் பார்ப்பது யு.பி.ஐ.யில் ஒரு வழக்கம். ‘டீம்டு அப்ரூவ்டு’ என்பார்கள்.

அந்தப் “பிறகு கணக்குப் பார்ப்பது”தான் மூன்றாவது உபாயம், எல்லாவற்றிலும் பழையதும் அதுவே. ஏ.டி.எம்.மில் நோட்டு வராமல் எஸ்.எம்.எஸ். மட்டும் வந்த அனுபவம் பலருக்கு இருக்கும். இயந்திரம் ஒவ்வொரு அசைவையும் தன் பதிவேட்டில் எழுதி வைக்கிறது. பெட்டியில் இருக்கும் நோட்டை எண்ணும்போது உபரி நிற்கும். இரண்டையும் ஒப்பிட்டால் யாருடைய பணம் என்று தெரிந்துவிடும். அதைத் திருப்பித் தர ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் கெடு வைத்தது. ஏ.டி.எம்.முக்கும், யு.பி.ஐ.யில் கடைக்குச் செலுத்துவதற்கும் பரிமாற்ற நாளுக்குப் பின் 5 நாள். தனிநபருக்கு அனுப்பினால் 1 நாள். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. கேட்காமலே தரவேண்டும் என்பது விதி.

சவுண்ட் பாக்ஸுக்கு வருவோம். பெரும்பாலும் அதற்குள் தனியாக ஒரு சிம் இருக்கும். பணம் சேர்ந்த சேதி அதற்கு வேறு பாதையில் வருகிறது. பணம் வந்தும் பெட்டி ஊமையாக இருக்கலாம்; டவர் கிடைக்காதது மட்டுமே காரணமாக இருக்கலாம். ஆனாலும் கடைக்காரர் உங்கள் திரையை நம்பாமல் பெட்டியை நம்புவது முழுக்கச் சரி. போலிப் பச்சை டிக் காட்டும் ஆப்கள் உண்டு. தன் பக்கத்துச் சாட்சியை மட்டும் நம்புவது என்று அவர் எடுத்திருக்கும் முடிவைத்தான் நாங்களும் வேலையில் எடுக்கிறோம்.

ஆகவே வட்டம் ‘பெண்டிங்’ என்று மாறினால் நான் ஆப்பைத் திட்டுவதில்லை. பச்சையும் சிவப்பும் காட்டாமல் தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் திரை அது. எவ்வளவு தொகை என்று மட்டும் பார்ப்பேன். 15 ரூபாய் டீ என்றால் சில்லறையைக் கொடுத்துவிட்டு நடப்பேன். முதலில் அனுப்பியதும் போய்ச் சேர்ந்திருந்தால் நாளைய டீக்கு ஆயிற்று. 15,000 ரூபாய் என்றால் அந்த 12 இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, கடைக்காரரின் வங்கிச் சேதி வரும்வரை ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவேன்.