கப்பல் டிக்கெட்டும் காலாவதியாகும் கிரெடிட்டும்

2022 ஜனவரி 22. மயாமி துறைமுகத்துக்கு வந்து சேர வேண்டிய ஒரு சொகுசுக் கப்பல், அங்கே வராமல் பஹாமாஸின் பிமினி தீவுப் பக்கம் திரும்பிவிட்டது. எரிபொருள் பாக்கிக்காக அந்தக் கப்பலைப் பிடித்துவைக்கச் சொல்லி அமெரிக்க நீதிமன்றம் உத்தரவு போட்டிருந்தது. மயாமிக்குள் நுழைந்தால் மாட்டிக்கொள்ளும். பயணிகளை வேறொரு படகில் ஏற்றி ஃபுளோரிடாவில் கொண்டுவந்து இறக்கினார்கள். அவர்களுக்கு அலைச்சலோடு போயிற்று. பெரிய அடி விழுந்தது கப்பலில் இல்லாதவர்களுக்குத்தான். வரப்போகும் பயணங்களுக்கு முன்பணம் கட்டியவர்கள், கொரோனாவில் ரத்தான பயணத்துக்குப் பணத்துக்குப் பதில் ‘கிரெடிட்’ வாங்கி வைத்திருந்தவர்கள் எல்லோரும், நிறுவனம் கலைப்புக்குப் போனதும், கடன் கொடுத்தவர்களின் வரிசையில் மனுவோடு நிற்க வேண்டியதாயிற்று.

அதே குழுமத்தின் இன்னொரு கப்பல் அப்போது சிங்கப்பூரிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. சில வாரங்களில் அதுவும் நின்றது.

சிங்கப்பூர் என்றதும் நம் ஊரில் பலர் நிமிர்ந்து உட்காருவார்கள். பினாங்கு, புக்கெட் என்று மூன்று நான்கு இரவு சுற்றிவிட்டு வரும் கப்பல்களில் ஏற தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் பறப்பது அங்கேதான். 2022 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் உல்லாசக் கப்பல் கிளம்பத் தொடங்கி, அடுத்த ஆண்டு இலங்கைத் துறைமுகங்கள் வரை போனது. அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு அப்பா அம்மாவைக் கப்பலில் அனுப்பிவைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வாழ்நாள் சேமிப்பில் ஒரு பங்கை எடுத்துக் கொடுக்கும் ஓய்வூதியக்காரர்கள் இருக்கிறார்கள். ‘எல்லாம் அடக்கம்’ என்கிறது விளம்பரம். அடங்காதது எது என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

பெரிய எழுத்தில் போட்டிருக்கும் தொகை ஓர் ஆளுக்கு உரியது. அதுவும் ஓர் அறையில் இருவர் தங்கினால்தான். தனியாகப் போகிறவர் பல கப்பல்களில் காலிப் படுக்கைக்கும் சேர்த்துக் கிட்டத்தட்ட இரு மடங்கு கட்ட வேண்டியிருக்கும். அதன் மேல் வரி, துறைமுகக் கட்டணம். அதற்கும் மேல் ‘கிராஜுயிட்டி’ என்ற பெயரில் தலைக்கு இவ்வளவு என்று தினசரி டிப்ஸ். பெரிய கப்பல்களில் இது நாளொன்றுக்கு 15 முதல் 20 டாலர் வரை போகிறது. குழந்தைகளுக்கும் பெரும்பாலும் அதே கணக்குத்தான். 18 டாலர் என்று வைத்துக்கொண்டால் கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் ஐந்து இரவு போய்வர டிப்ஸ் மட்டுமே 360 டாலர். பானங்களின் பில்லில் 18, 20 சதவீதம் சேவைக் கட்டணம் தனி. வைஃபை தனி. மறைகட்டணங்களுக்கு எதிராகக் கலிபோர்னியாவில் 2024 ஜூலை 1 முதல் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதையொட்டி அமெரிக்க விளம்பரங்களில் வரியும் துறைமுகக் கட்டணமும் விலைக்குள் வந்துவிட்டன. டிப்ஸ் பெரும்பாலும் இன்னும் வெளியேதான் நிற்கிறது.

ரத்து விதிகளில் கவனிக்க வேண்டியது தேதி. பெரிய நிறுவனங்கள் கப்பல் கிளம்ப 90 நாள் இருக்கும்போதே முழுப் பணத்தையும் கேட்கின்றன. சிலவற்றில் இது 75 நாள், சிலவற்றில் 120 நாள். அந்தத் தேதிக்கு முன் ரத்து செய்தால் பெரும்பாலும் முன்பணம் திரும்ப வரும். ஆனால் ‘திரும்பக் கிடைக்காத முன்பணம்’ என்று குறைந்த கட்டணத்தில் ஒரு வகை உண்டு, மலிவாக இருக்கிறதென்று அதை எடுத்தவருக்கு அது வராது. கெடு தாண்டியபின் கட்டணத்தில் பாதி, முக்கால் என்று பிடித்தம் ஏறி, கடைசிச் சில வாரங்களில் முழுத் தொகையும் போய்விடும். காய்ச்சல், மரணம், விசா கிடைக்கவில்லை, எந்தக் காரணமும் விதியை மாற்றாது. சிங்கப்பூரில் ஏறிச் சிங்கப்பூரிலேயே இறங்கும் பயணத்துக்கு இந்தியர்களுக்குப் பலமுறை நுழையும் விசா வேண்டும். ஒருமுறை விசாவோடு போய், ஏற்ற மறுத்துவிட்டால், கணக்கில் அவர் ‘வராதவர்’. ஒரு ரூபாயும் திரும்பாது. புறப்படும் நாளில் காலியான அறையைத் திரும்ப விற்க முடியாது என்று நிறுவனங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் கப்பலே ரத்தானால்? இங்கேதான் கிரெடிட் உள்ளே வருகிறது.

2020 மார்ச் 13 அன்று அமெரிக்காவின் பெரிய கப்பல் நிறுவனங்கள் பயணங்களை நிறுத்தின. லட்சக்கணக்கானவர்களின் பணம் அவர்களிடம் இருந்தது. பல நிறுவனங்கள் இரண்டு வழி கொடுத்தன: கட்டிய பணம் முழுதும் திரும்ப வேண்டுமா, அல்லது அடுத்த பயணத்துக்கு 125 சதவீத கிரெடிட் வேண்டுமா? நூறு கட்டியவருக்கு நூற்று இருபத்தைந்து என்றால் யாருக்குத்தான் மனம் சாயாது. எத்தனையோ குடும்பங்கள் கிரெடிட்டைத் தேர்ந்தெடுத்தன. அந்த நூற்று இருபத்தைந்துக்குள் இருந்த நிபந்தனைகளைப் படித்தவர்கள் எத்தனை பேர்?

அந்த நிபந்தனைகள் ஏறக்குறைய எல்லா நிறுவனங்களிலும் ஒரே மாதிரிதான். கிரெடிட்டுக்குக் காலக்கெடு உண்டு. பெரும்பாலும் இன்ன தேதிக்குள் முன்பதிவு, இன்ன தேதிக்குள் பயணம் என்று இரண்டு கெடு. யார் பெயரில் கொடுத்தார்களோ அவர்தான் பயன்படுத்தலாம், மகனுக்கோ மருமகளுக்கோ மாற்றித் தர முடியாது. அடிப்படைக் கட்டணத்துக்கு மட்டுமே செல்லும். வரி, துறைமுகக் கட்டணம், டிப்ஸ் எல்லாம் மறுபடி கையிலிருந்து கட்ட வேண்டும். கிரெடிட்டில் எடுத்த புதுப் பயணத்தை ரத்து செய்தால் பணமாக வராது, பழைய கெடுவோடு கிரெடிட்டாகவே திரும்பும். இதற்கிடையில் கட்டணம் ஏறியிருக்கும். அதிகமாகக் கொடுத்த 25 சதவீதம் விலையேற்றத்திலேயே கரைந்துவிடும்.

எழுபது வயதைத் தாண்டியவருக்கு ஒரு வருடக் கெடு என்பது எவ்வளவு பெரிய கெடு என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். முழங்கால் அறுவை, சர்க்கரை, கண்புரை, ஏதாவது ஒன்று குறுக்கே வந்தால் போதும், தேதி கடந்துவிடும். பணமாக வந்திருந்தால் அது வங்கியில் வட்டியோடு இருந்திருக்கும், மருத்துவச் செலவுக்காவது உதவியிருக்கும். கிரெடிட்டாக வாங்கிய நாளிலிருந்து அவர் அந்த நிறுவனத்துக்கு வட்டியில்லாமல், ஈடில்லாமல் கடன் கொடுத்தவர். நிறுவனம் விழுந்தால் வங்கிகளும் கப்பலை அடமானம் பிடித்தவர்களும் எடுத்துக்கொண்ட பிறகுதான் அவர் முறை. முன்பணத்துக்கு வங்கி உத்தரவாதம் இருக்கும் நாடுகளில் ஓரளவு பாதுகாப்பு உண்டு. எல்லாப் பதிவுக்கும் அது பொருந்தாது. கிரெடிட் கார்டில் கட்டியவர் வங்கியிடம் முறையிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். கப்பல் நிறுவனத்தின் கிரெடிட்டை ஒருமுறை ஏற்றுவிட்டால் அந்த முறையீடும் பலவீனமாகிறது. ‘ஈடு ஏற்கெனவே கிடைத்துவிட்டதே’ என்று காப்பீட்டு நிறுவனமும் கைவிரிக்கலாம்.

ஐரோப்பாவில் தொகுப்புப் பயணத்தை நடத்துபவரே ரத்து செய்தால் 14 நாளில் பணம் திரும்ப வேண்டும் என்பது சட்டம். அமெரிக்காவில், அந்நாட்டுத் துறைமுகத்தில் ஏறும் பயணம் ரத்தானாலோ மூன்று நாளும் அதற்கு மேலும் தள்ளிப்போனாலோ பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமையை 2022-இல் வந்த விதி தெளிவாக்கியது. கொரோனாவில் பட்ட பாட்டுக்குப் பிறகு வந்த விதி அது.

கப்பல் கிளம்பியபின் வழி மாறினால் விஷயமே வேறு. 2022 ஜூனில் சென்னையிலிருந்து கிளம்பி விசாகப்பட்டினம் போய்ப் புதுச்சேரிக்கு வந்த கப்பலுக்கு அங்கே அனுமதி கிடைக்கவில்லை. பயணிகள் ஊரைப் பார்க்காமலே திரும்பினார்கள். புயல், அனுமதி, போர் என எந்தக் காரணத்துக்காகவும் துறைமுகத்தைக் கைவிடும் உரிமையை ஒப்பந்தம் நிறுவனத்துக்குக் கொடுக்கிறது. திரும்ப வருவது பெரும்பாலும் அந்தத் துறைமுகக் கட்டணம் மட்டும். அதுவும் பல நேரம் கப்பலில் செலவழிக்க வேண்டிய ‘ஆன்போர்டு கிரெடிட்’டாக. கடைசி இரவுக்குள் செலவழிக்காவிட்டால், பணமாக மாற்றித் தரும் வகையாக இருந்தாலொழிய, அதுவும் போச்சு. வழக்குப் போடலாமே என்றால், எந்த ஊரில் போட வேண்டும் என்பதையும் டிக்கெட்டே சொல்லிவிடுகிறது. வாஷிங்டன் மாநிலத் தம்பதியில் ஒருவர் கப்பலில் விழுந்து அடிபட்ட வழக்கில், டிக்கெட்டில் அச்சிட்டபடி நாட்டின் மறுகோடியில் ஃபுளோரிடாவில்தான் வழக்காட வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991-இல் தீர்ப்புச் சொன்னது. நம் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்க இடம் தருகிறது. அதனால் உள்ளூரில் அலுவலகம் வைத்திருக்கும் முகவரிடம் ரசீதோடு பதிவுசெய்வது நல்லது.

கப்பலுக்குள் நடந்துகொள்ளும் முறையில் முதலாவது நேரம். புக்கெட்டில் இறங்கினால் கைபேசி தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறும், சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடினால், கைபேசியில் நாலு மணி என்று சாவகாசமாகக் கடை பார்ப்பவருக்குக் கப்பலில் ஐந்து மணி. 2024 மார்ச்சில் ஆப்பிரிக்காவின் சாவோ டோமே தீவில் தாமதமாகத் திரும்பிய 8 பயணிகளை விட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டது. தேசம் தேசமாகத் துரத்தி செனகலில் போய்த்தான் ஏறினார்கள். செலவின் பெரும்பகுதி அவர்களுடையது.

இரண்டாவது, பாதுகாப்புப் பயிற்சி. 2012 ஜனவரி 13 இரவு இத்தாலியின் ஜிலியோ தீவருகே பாறையில் மோதிக் கவிழ்ந்த கப்பலில் 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறியவர்களுக்குப் பயிற்சி இன்னும் நடந்திருக்கவில்லை. புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ அதை நடத்தியாக வேண்டும் என்ற விதி 2015 முதல் அமலில் இருக்கிறது. அந்த நேரத்தில் செல்ஃபி எடுப்பது தவறு.

பஃபே வாசலில் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வாந்தி பேதியைப் பரப்பும் நோரோவைரஸ் சானிடைசருக்கு அவ்வளவாக அடங்காது. நீச்சல்குளத்து நாற்காலியில் துண்டைப் போட்டுவிட்டு மணிக்கணக்கில் போய்விடுவது, அரங்கில் வரிசையாக இடம் பிடித்துவைப்பது, இரண்டும் சண்டைக்கு வழி. மின்கெட்டில், ரைஸ் குக்கர், அயர்ன் பாக்ஸ் எல்லாம் தீ பயத்தால் சோதனையிலேயே எடுத்துவைக்கப்படும். சைவம், ஜைன உணவு வேண்டுமென்றால் பதிவுசெய்யும்போதே சொல்ல வேண்டும். டிப்ஸை நீக்கச் சொல்லி வரவேற்பு மேசையில் நிற்பவர்கள் ஒன்றை நினைக்க வேண்டும்: அறையைத் துடைப்பவர் ஆறு மாதம், எட்டு மாதம் வார விடுமுறையே இல்லாமல் வேலை பார்க்கிறவர். டிப்ஸ் கணக்கைப் புறப்படும் முன் வீட்டிலேயே போட்டுவிடலாம்.

பயணம் ரத்து என்று மின்னஞ்சல் வந்தால், ‘கிரெடிட் ஏற்கிறேன்’ என்ற பொத்தானை அன்றே அழுத்தாதீர்கள். முதலில் பணமாகத் திரும்ப வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள், பதிலைச் சேமித்து வையுங்கள், கார்டு வங்கிக்கும் காப்பீட்டுக்கும் அன்றே தகவல் கொடுங்கள். ஏற்கெனவே கிரெடிட் வைத்திருப்பவர்கள் இன்று இரவே அந்த மின்னஞ்சலைத் தேடி எடுத்து, முன்பதிவுக்கு எது கடைசித் தேதி, பயணத்துக்கு எது கடைசித் தேதி என்று பார்த்து, வீட்டு நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.