இரண்டு பெண்கள், இரண்டு முதுகுப் பைகள்

"துணைக்கு ஆண்பிள்ளை இல்லாமல் இலங்கையில் மலையேறப் போகிறீர்களா?" என்று வீட்டில் கேட்பார்கள். கேட்கட்டும்! டிசம்பர்ப் பௌர்ணமியிலிருந்து மே மாதப் பௌர்ணமி வரை சிவனொளிபாத மலைப் பாதையில் இரவெல்லாம் விளக்கு எரியும். பாட்டிமார்கள்கூடப் பேரன் கையைப் பிடித்துக்கொண்டு ஏறுவார்கள்.

ஹட்டனிலிருந்து பஸ்ஸில் நல்லதண்ணி. வழி கேட்கத் தமிழே போதும். கொழுந்து பறிக்கும் பெண்களின் முன்னோர்கள் நம் ஊர்ப் பக்கத்திலிருந்து போனவர்கள்தாமே? பையில் கம்பளிச் சட்டை அவசியம். பட்டுப் புடவை வேண்டாம், அம்மா!

மலையின் உயரம் 2,243 மீட்டர். படிகளோ ஐயாயிரத்துக்கு மேல். சூரியோதயம் பார்க்க இரவு 2 மணிக்கே புறப்பட வேண்டும். பாதி வழியில் ஸ்நேகிதி உட்கார்ந்துவிட்டு, "நீ போ, நான் இங்கேயே இருக்கிறேன்" என்பாள். நம்பிப் போய்விடாதீர்கள், பிறகு ஆயுள் முழுவதும் சொல்லிக் காட்டுவாள்! சூடாக ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்து, அவள் நடைக்கே நடங்கள். உதயம் தவறினால் தவறட்டும்.

உச்சியில் இருப்பது சிவன் பாதம் என்கிறோம் நாம். புத்தர் பாதம் என்கிறார்கள் பௌத்தர்கள். ஆதம் நபியின் பாதம் என்கிறார்கள் முஸ்லிம்கள். 1344-ல் இபன் பதூதாவும் ஏறிப் பார்த்தார். வெயில் எழுந்ததும் மேற்கே திரும்புங்கள்: மலையின் நிழல் முக்கோணமாக விழுந்து கிடக்கும். அங்கே ஒரு மணியும் உண்டு. எத்தனையாவது தடவையோ, அத்தனை முறை அடிக்கலாம். உங்களுக்கு ஒன்றுதான்!