காசிக்குப் போகாத பாதக்குறடு

கல்யாணக் கைவினைகள் – 7

சென்ற வாரம் மணமக்கள் நெற்றியில் கட்டும் பாசிகத்தைப் பற்றிச் சொன்னோம். நெற்றியை விட்டு இவ்வாரம் பாதத்துக்கு இறங்குவோம்.

பிரம்மசரியத்தை முடித்த மணமகன், இல்லறத்தில் நாட்டமற்றவனாய்க் குடையும் கைத்தடியும் விசிறியும் ஏந்திக் காசி யாத்திரை புறப்படுவதும், பெண்ணின் தகப்பனார் வழிமறித்துத் தம் மகளைத் தருவதாக வாக்களித்து அவனைத் திருப்பி அழைத்து வருவதும் அந்தணர் இல்லத்து விவாகங்களில் நெடுங்காலச் சம்பிரதாயம். அந்த யாத்திரைக்கென்று காலில் மாட்டும் மரப் பாதுகைக்கு விதித்த பிரயாணமோ மண்டபத்து வாசலிலிருந்து தெருமுனை வரையில்தான். போத்தனூரில் இந்த வைபவத்துக்குத் தனிச் சுவை உண்டு. சென்னையையும் மேற்குக் கடற்கரையையும் இணைத்து 1862-இல் முடிவடைந்த இருப்புப்பாதை இவ்வூர் வழியாகவே சென்றது; கோயமுத்தூர் நகரத்துக்கோ, 1873-இல் மேட்டுப்பாளையம் கிளைப்பாதை போட்ட பிறகே ரயில் வாய்த்தது. ஆகவே, மெய்யாகவே காசிக்குப் போக எண்ணிய மாப்பிள்ளைக்கு இங்கே அந்நாளிலேயே மார்க்கம் திறந்திருந்தது. ஆயினும் குடையைப் பிடித்தவர் எவரும் ஸ்டேஷன் பக்கம் திரும்பியதாகக் கேள்வியில்லை.

பத்தடி நடைக்குத்தானே என்று தச்சர் அலட்சியமாக இருந்துவிட முடியுமா? அதிகக் கனமில்லாததும் எளிதில் வெடிக்காததுமான மரம் முதலில் வேண்டும். பலாவும் தேக்கும் உகந்தவை. வறண்ட கரட்டு நிலங்களில் வளர்வதும், சன்னபட்டணத்துப் பொம்மைகளுக்குப் பிரசித்தி தேடித் தந்ததுமான வெட்பாலையும் உகந்ததே. மணமகனின் பாதத்தைப் பலகைமேல் வைத்து வரைந்துகொண்டு, மரத்தின் ரேகை குதிகாலிலிருந்து விரல்வரை நீளவாட்டில் ஓடும்படி அறுத்து, அடிப்புறத்தில் முன்னும் பின்னும் இரண்டு கட்டைகள் நிற்க, இடையே உள்ளதை வாய்ச்சியால் செதுக்கிக் களைந்தால் குறட்டின் உருவம் வந்துவிடும்.

தொழிலின் சூட்சுமமெல்லாம் குமிழில் இருக்கிறது. வாரில்லாத அந்தப் பாதுகையைக் காலோடு பிணைப்பது, பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே நிற்கும் குமிழ் ஒன்றேயாதலால், ஒவ்வோர் அடியிலும் பாதத்தின் இழுப்பு முழுவதும் அதன் கழுத்தில்தான் விழும். பலகையோடு சேர்த்து ஒரே துண்டாகக் குமிழையும் செதுக்கினால், கிடையாக ஓடும் ரேகை மெல்லிய கழுத்தைக் குறுக்கே அறுத்துச் செல்வதால், அது பிஸ்கோத்துப் போல முறிந்துவிடும். ஆகையால் வைரம் பாய்ந்த வேறொரு துண்டை எடுத்து, ரேகை நெட்டாக நிற்கும்படி கடைசல் பட்டறையில் கடைந்து, அதன் அடிமுளையைப் பலகைத் துளையில் இறக்கிக் கீழ்ப்புறம் ஆப்பு வைத்து இறுக்க வேண்டும். ஆப்பும் பலகையின் ரேகைக்குக் குறுக்காகவே இறங்க வேண்டும்; ரேகையோடு ஒட்டி அடித்தால் பலகையே பிளந்து போகும். நிறம் வேண்டுமானால், பட்டறையில் குமிழ் சுழலும்போதே அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்தினால், உராய்வின் உஷ்ணத்தில் அரக்கு இளகிப் படியும். உலர்ந்த தாழை மடலால் தேய்த்தால் பளபளப்பு ஏறும்.

இதே தர்மத்தைத் தொலைதூரத்திலும் காண்கிறோம். பிரான்ஸ் தேசத்துப் பிரனீஸ் மலைச்சாரலில், பெத்மால் பள்ளத்தாக்கில், நிச்சயமான மாப்பிள்ளை மணப்பெண்ணுக்கு மரக் காலணி செய்து கொடுப்பது பழைய வழக்கம். அதன் முனை மேல்நோக்கி வளைந்து நீண்டிருக்குமாதலால், வேரோடு கூடிய அடிமரத்தில் இயல்பாகவே வளைந்த பாகத்தைத் தேடி எடுப்பார்கள். ரேகையைப் பகைத்துக்கொள்ளாமல் அதன் போக்கிலேயே போவதுதான் அங்கும் நியதி.

சடங்குக்கும் பிரயாணத்துக்கும் உள்ள பேதத்தை மனிதர் அறிவர், மரம் அறியாது. நாலடி நடைக்கு ஆப்பு எதற்கென்று தச்சர் விட்டுவிட்டால், மூன்றாம் அடியிலேயே குமிழ் கழன்று உருண்டு, காசி யாத்திரையைத் தடுத்து நிறுத்திய பெருமை மாமனாருக்குப் போகாமல் தச்சரையே சேர்ந்துவிடும்.

(தொடரும்)